தானே வாயை மூடும் கைப்பேசி

துக்க வீடு. கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே திருவாசகம் படிக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துப் பெரியவரைச் சுற்றி வரும் நேரம் பார்த்து, யாரோ ஒருவருடைய சட்டைப்பையிலிருந்து குத்துப்பாட்டு ஒன்று முழுச் சத்தத்தில் கிளம்புகிறது. அவர் பதறிப்போய் எடுத்து அமுக்குகிறார். அவசரத்தில் தப்பான இடத்தை அமுக்கிவிட, ஸ்பீக்கரில் ஒரு குரல் கூடாரம் முழுக்கக் கேட்கிறது: "மச்சான், சாப்பிட்டியா?"

இப்படி ஒன்றைப் பார்க்காத ஆள் நம்மில் குறைவு. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மனிதரின் பையில் இருந்த கைப்பேசிக்கு அவர் எந்தத் தாமானில், எந்த வீட்டு வாசலில் நிற்கிறார் என்று தெரியும். வரும் வழியில் எந்தச் சாலையில் நெரிசல் என்று தெரிந்திருந்தது. ராத்திரி எத்தனை மணிக்கு அவர் அதைக் கீழே வைத்தார் என்பதும் தெரியும். தெரியாதது ஒன்றுதான். நேற்றுவரை சித்தப்பா வீடாக இருந்தது இன்று துக்க வீடு. வரைபடத்தில் அந்த வீடு அதே புள்ளியில்தான் இருக்கிறது.

இடம் பொருள் அறிந்து சத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் திறன்பேசி என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பல விஷயங்களில் அது உண்மைதான், நானும் அதன் ரசிகன். எந்த இடத்தில் அதை நம்பலாம், எந்த இடத்தில் நம்பவே கூடாது என்பதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

என் வயதுக்காரர்களுக்குப் பழைய நோக்கியா ஞாபகம் இருக்கும். ஜெனரல், சைலண்ட், மீட்டிங், அவுட்டோர் என்று ஒரு பட்டியல் வரும். டியூஷனுக்குள் நுழையும்போது சைலண்ட், பசார் மாலாமுக்குப் போனால் அவுட்டோர். எல்லாம் நம் கையில்தான். சினிமா முடிந்து வெளியே வந்து மாற்ற மறந்தால், அன்று சாயங்காலம் முழுக்க அம்மாவின் அழைப்பு ஒன்றுகூடக் காதில் விழாது. வீட்டுக்குப் போனதும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மனிதன் மறப்பான் என்பதால் வந்ததுதான் தானியங்கி ஏற்பாடு. 2010இல் வந்த எச்டிசி கைப்பேசிகள் சிலவற்றில் ஓர் அழகான வேலை இருந்தது. போன் பைக்குள் இருந்தால் அழைப்பொலி பெரிதாகும். கையில் எடுத்த நொடியில் சத்தம் தானாகத் தணியும். எடுத்துவிட்டாய், இனி எதற்குக் கத்த வேண்டும் என்று அது புரிந்துகொண்டதுபோல் இருக்கும். 2013இல் வந்த மோட்டோ எக்ஸ், வண்டி ஓட்டுகிறோமா, கூட்டத்தில் இருக்கிறோமா, தூங்கும் நேரமா என்று ஊகித்து நடந்துகொள்ளப் பார்த்தது. கூகள் பிக்சலில் 2018 முதல், மேசைமேல் குப்புறக் கவிழ்த்தால் போன் அடங்கிவிடும். 2020இல் அதே பிக்சலில், அலுவலக வைஃபையைத் தொட்டதும் சைலண்டுக்குப் போ என்று விதி எழுதி வைக்கும் வசதி வந்தது. சாம்சுங்கில் 2022 முதல் தூக்கம், தியேட்டர், வண்டி ஓட்டுதல், வேலை என்று தனித்தனி முறைகள். ஐபோனில் 2012இல் 'தொந்தரவு செய்யாதே' வந்தது, 2021இல் அது 'ஃபோகஸ்' என்று விரிந்தது.

வானொலி நிலையத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் பாதி பழைய கதை. நான் மைக்கைத் திறந்து பேச ஆரம்பித்ததும் பின்னால் ஓடும் பாட்டு கொஞ்சம் கீழே இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். பேச்சை நிறுத்தியதும் பாட்டு மறுபடி மேலே வரும். சில நேரம் அதைக் கையால் செய்கிறோம், சில நேரம் கருவியே செய்துவிடும். அதற்கு 'டக்கிங்' என்று பெயர். குரலைக் கண்டதும் பாட்டு தலையைக் குனிந்துகொள்கிறது. காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகும்போது, "இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்" என்று வழிகாட்டிக் குரல் வந்ததும் பாட்டு தணிகிறதே, அது இதேதான். ஆண்ட்ராய்டில் 2017இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் செயலிகளைக் கேட்காமலே போன் இதைத் தானே செய்துகொள்கிறது.

ஒரு சத்தத்தோடு இன்னொரு சத்தத்தை ஒப்பிட்டுக் கூட்டுவதும் குறைப்பதும் கருவிக்குக் கைவந்த கலை. அதில் என்னைவிட அது கெட்டி என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒரு பெரிய விபத்துச் செய்தி வந்த காலையில், கணினி வரிசைப்படுத்தி வைத்திருக்கும் துள்ளல் பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது இன்றைக்கும் ஒரு மனிதனின் கைதான். பாட்டின் சத்த அளவு கணினிக்குத் தெரியும். இன்றைக்கு அந்தப் பாட்டு பொருந்தாது என்று தெரிந்தவர் தயாரிப்பாளர்.

(ஒலிப்பதிவுக் கூடத்தில் சைலண்ட் போட்டால் மட்டும் போதாது என்பது தனிக் கதை. 2ஜி காலத்தில் போன் சத்தமே போடாவிட்டாலும், அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்பீக்கரில் "டிட்டிட்-டிட்டிட்" என்று ஒரு கரகரப்பு வரும். போன் விநாடிக்கு 217 முறை அலைத்துடிப்பை அனுப்பியதால் பக்கத்தில் இருந்த ஒலிக்கருவிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அழைத்தது யார் என்று நேயர்களுக்குத் தெரியாதே தவிர, அறிவிப்பாளரிடம் போன் இருக்கிறது என்பது நாட்டுக்கே தெரிந்துவிடும்.)

சரி, போன் எதை வைத்து ஊகிக்கிறது? ஜிபிஎஸ், வைஃபை, மணி, நாள்காட்டியில் நாம் குறித்து வைத்தது, காரின் புளூடூத், அசைவை அளக்கும் சில்லு, வெளிச்சத்தை அளக்கும் சில்லு, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் உணரி. ஒவ்வொன்றும் ஒரு தடயம்தான். எல்லாத் தடயங்களையும் கோத்து, இது இன்ன சூழ்நிலை என்று போன் ஒரு முடிவுக்கு வருகிறது.

தடயம் பொய்யும் சொல்லும். வேகமாக நகர்கிறோம் என்றால் வண்டி ஓட்டுகிறோம் என்று போன் நினைக்கலாம். தொழிற்சாலைப் பேருந்தில் பின்சீட்டில் தூங்கி வழிகிறவரையும் அது ஓட்டுநராக்கிவிடும். ஐபோனில் 2017இல் வண்டி ஓட்டும்போது அறிவிப்புகளை அடக்கும் வசதி வந்தபோதே, "நான் வண்டி ஓட்டவில்லை" என்று சொல்ல ஒரு பொத்தானையும் சேர்த்தே வைத்தார்கள். தப்பு நடக்கும் என்று செய்தவர்களுக்கே தெரியும்.

சத்தமான இடத்தில் போன் ஏன் தானே கூடுதலாகக் கத்துவதில்லை என்று கேட்கலாம். தைப்பூசத்தன்று பத்துமலைப் படியடியில் உருமி மேளத்துக்கு நடுவே நிற்கிறோம். பையில் போன் அடித்து ஓய்ந்திருக்கும், நமக்குத் தெரியாது. சுற்றுச் சத்தத்தை அளந்து ஒலியைக் கூட்டுவது தொழில்நுட்பத்துக்குப் பெரிய காரியமில்லை. சில காதொலிப்பான்கள் இப்போதே அதைச் செய்கின்றன. ஆனால் அதற்கு போன் நாள் முழுக்க மைக்கைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பேட்டரி தீரும் என்பது ஒன்று. நாம் பேசுவதை எல்லாம் ஒரு காது கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. செயலி ஏதாவது மைக்கைத் தொட்டால் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரியும்படி ஐபோனில் 2020இலும் ஆண்ட்ராய்டில் 2021இலும் செய்தார்கள். இந்தப் பயம் நியாயமானது என்பதால்தான் அந்தப் புள்ளி. என்னைக் கேட்டால், பத்துமலையில் நாலு அழைப்பு தவறினாலும் பரவாயில்லை.

அழைப்பு தவறினால் திருப்பிக் கூப்பிடலாம். அலாரம் தவறினால்?

நான் காலை நிகழ்ச்சி செய்கிறவன். மூன்றேமுக்காலுக்கு எழுந்தால்தான் ஐந்து மணிக்கு நிலையத்தில் இருக்க முடியும். ஆனால் என் பாட்டைவிட ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பாடு பெரிது. காலம்பற நாலு மணிக்கெல்லாம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாலத்தை நோக்கிக் கிளம்பும் நேயர்கள் பலர் எங்களுக்கு உண்டு. அரை மணி நேரம் பிந்தினால் பாலத்தில் காத்திருப்பது ஒரு மணி நேரம் கூடும். அன்றைய சம்பளத்தில் அது தெரியும். இவர்களுக்கெல்லாம் அலாரம் என்பது வசதி இல்லை, வருமானம்.

இந்த விஷயத்தில் போன்களின் சரித்திரம் முழுக்க நல்லதாக இல்லை. 2011ஆம் ஆண்டு பிறந்த அன்று, உலகம் முழுக்கப் பல ஐபோன்களில் ஒரு முறை மட்டும் அடிக்கும்படி வைத்த அலாரங்கள் அடிக்கவில்லை. ஜனவரி 3ஆம் தேதி தானாகச் சரியானது. 2013இல் புத்தாண்டு பிறந்ததும் 'தொந்தரவு செய்யாதே' குறித்த நேரத்தில் விலக மறுத்தது. ஜனவரி 7ஆம் தேதிக்குப் பிறகு சரியாகிவிடும் என்று ஆப்பிள் சொன்னது. ஏறக்குறைய ஒரு வாரம், காலை விடிந்த பிறகும் போன் வாயைத் திறக்காமல் கிடந்தது. 2024 ஏப்ரலில் மறுபடியும் அலாரம் சத்தமில்லாமல் ஓடி முடிந்துவிடுகிறது என்று பலர் புகார் சொல்ல, பிரச்சினை இருப்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டு சரிசெய்வதாகச் சொன்னது.

அந்த நேரத்தில் பலரும் சந்தேகப்பட்டது ஒரு வசதியை. முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஐபோன்களில், 2017இல் வந்த ஐபோன் எக்ஸ் முதல், நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அலாரம், அழைப்பு இவற்றின் சத்தம் தானாகத் தணியும். பார்த்துவிட்டாயே, இனி கத்த வேண்டாம் என்ற அதே எச்டிசி கணக்குதான். காரணம் இதுதான் என்று ஆப்பிள் அறிவிக்கவில்லை. ஆனால் அலாரத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இதை அணைத்து வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அமைப்புகளில் ஃபேஸ் ஐடி பகுதியில் 'அட்டென்ஷன் அவேர்' என்ற பெயரில் இருக்கும்.

இதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது, பல பேருக்கு அதுதான் வில்லன். ஆண்ட்ராய்டில் பாட்டு, அழைப்பொலி, அலாரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஒலியளவு. ஐபோனில் சாதாரண அலாரம் அழைப்பொலியின் அளவிலேயே ஒலிக்கும். சைலண்டில் போட்டாலும் அலாரம் அடிக்கும், அது சரி. ஆனால் குழந்தை தூங்குகிறதே என்று ராத்திரி அழைப்பொலியை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தால், காலையில் அலாரமும் அந்த அடிமட்டத்திலேயேதான் முனகும். பக்கவாட்டுப் பொத்தான்கள் அழைப்பொலியைத் தொடாதபடி அமைப்புகளில் ஒரு வசதி உண்டு. 'பொத்தான்களால் மாற்று' என்ற பொருளில் இருக்கும் அதை அணைத்துவிடலாம். தூக்க அட்டவணையோடு வரும் எழுப்பொலிக்கு மட்டும் ஐபோனில் தனி ஒலியளவு இருக்கிறது.

அட்டவணை என்றதும் ஷிப்ட் வேலைக்காரர்கள் சிரிப்பார்கள். போன்களின் தூக்க முறை, மனிதன் ராத்திரி தூங்குவான், திங்கள் முதல் வெள்ளி ஒரே மாதிரி எழுவான் என்ற கணக்கில் செய்யப்பட்டது. பாசிர் கூடாங்கிலோ பாயான் லெப்பாசிலோ இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட் பார்க்கிறவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்குப் படுப்பவரின் போன், விடிந்துவிட்டது என்று சந்தோஷமாக எல்லா அறிவிப்புகளையும் திறந்துவிடும். அவர் வேலையில் இருக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு, தூங்குகிறார் என்று நினைத்து அழைப்புகளை அடக்கும். இப்படிப்பட்டவர்கள் நேரத்தை வைத்து ஓடும் தானியங்கியை முழுசாக அணைத்துவிட்டு, படுக்கும்போது கையால் போட்டுக்கொள்வதுதான் நல்லது. கொஞ்சம் நோக்கியா காலம் மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

பயணம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னை நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே இறங்கி போன் உள்ளூர் இணைப்பைப் பிடித்ததும் கடிகாரமும் அலாரமும் தானே மாறிக்கொள்ளும். ஐந்து மணி அலாரம் அங்கத்திய ஐந்து மணிக்கு அடிக்கும். ஆனால் ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து விமான முறையிலேயே வைத்திருந்தால், போன் இன்னும் கோலாலம்பூர் நேரத்திலேயே இருக்கலாம். விடிகாலை இரண்டரை மணிக்கு எழுந்து குளித்து, வடபழனி கோயில் வாசலில் போய் நின்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். முதல் தரிசனம் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டார்கள்.

சிரிக்க முடியாத கதை ஒன்றும் உண்டு. இந்தத் தலைப்பில் ஒருநாள் நேயர்களிடம் பேசச் சொன்னபோது, கிள்ளானிலிருந்து ஓர் அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. பேராக்கில் முன்பு தோட்டமாக இருந்த ஓர் இடத்தில் தனியாக இருக்கிறார். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. கைக்கெட்டும் தூரத்தில் போன் இருந்தது. மகளுக்கு அடித்தார். மகளின் போன் தூக்க முறையில் இருந்தது, ஒலிக்கவில்லை. காலை ஆறரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை அவர் தரையில் கிடந்தார்.

மருத்துவமனையில் மகள் கேட்டாராம், "ஏம்பா, திரும்ப ஒரு தடவை அடிக்கக் கூடாதா?"

"ஒரு தடவை அடிச்சேன், எடுக்கல. பாவம், அசந்து தூங்குறியாக்கும்னு விட்டுட்டேம்மா."

ஒலிபரப்புக்கு முன் அந்தப் பதிவைத் தனியாகக் கேட்டபோது, அதை உடனே அடுத்த பாட்டோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், போன் செய்தவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. தூக்க முறையிலும் அவசர அழைப்பு உள்ளே வர ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே எண்ணிலிருந்து கொஞ்ச நேரத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால், அதைத் தடுக்காமல் ஒலிக்க விடும்படி வைக்கலாம். ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள். அவசரம் என்றால் மனிதன் திரும்பத் திரும்ப அடிப்பான் என்பது அவர்கள் கணக்கு. எந்த ஊரில் உட்கார்ந்து போட்ட கணக்கோ தெரியவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படி இல்லை. கடன் கேட்கிறவன்தான் பத்துத் தடவை அடிப்பான். நெஞ்சு வலிக்கிற அப்பா ஒரு தடவை அடித்துவிட்டு, பிள்ளைக்கு நாளைக்கு வேலை இருக்கே என்று போனைக் கீழே வைத்துவிடுவார்.

இன்னொன்றும் இருக்கிறது. குறிப்பிட்ட சிலரின் எண்களுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுக்கலாம். ஐபோனில் ஒவ்வொரு தொடர்பு எண்ணுக்கும் 'எமர்ஜென்சி பைபாஸ்' என்று உண்டு, சைலண்டில் இருந்தாலும் அந்த அழைப்பு ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் நட்சத்திரம் போட்ட எண்களை அனுமதிக்கலாம். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் அம்மா அப்பா எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். நிஜமான ஆபத்தில் அழைப்பு பெரும்பாலும் அவர்கள் போனிலிருந்து வருவதில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, சாப்பாட்டுக் கடைக்காரர், அந்தத் தாமானில் இருக்கும் மாமன் மகன், இவர்கள் போனிலிருந்து வரும். அந்த எண்கள் உங்கள் போனில் பெயரோடு இருக்கின்றனவா? இல்லாவிட்டால் போனுக்கு அவர்கள் யாரோ அந்நியர்கள். மோசடி அழைப்புகளுக்குப் பயந்து தெரியாத எண்களை எல்லாம் அடக்கி வைத்திருக்கும் இந்தக் காலத்தில் அந்நியர்களுக்குக் கதவு திறக்காது.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் 'தொந்தரவு செய்யாதே' பகுதிக்குள் அலாரம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். சாதாரணமாக அனுமதிதான், ஆனால் அதை அணைக்க முடியும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அணைக்கப்பட்டிருக்கவும் கூடும். நான் இதோடு ஒரு பேட்டரி கடிகாரத்தையும் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் அலமாரிமேல் வைத்திருக்கிறேன். அதற்கு என் முகமும் தெரியாது, நான் எங்கே இருக்கிறேன் என்பதும் தெரியாது. மூன்றேமுக்காலுக்கு அலறும்.

கிள்ளான் அம்மாவிடம் சில வாரம் கழித்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தடியூன்றி நடக்கிறாராம். போனில் அவர் எண்ணுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணுக்கும் விதிவிலக்குப் போட்டாகிவிட்டது. எடுக்காவிட்டால் உடனே இரண்டாவது தடவை அடிக்கணும் என்று அப்பாவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"இப்ப எல்லாத்துக்கும் ரெண்டு தடவை அடிக்கிறாரு தம்பி," என்றார். "நேத்து நான் மீட்டிங்கில இருக்கேன். ரெண்டாவது தடவையும் அடிக்குதேன்னு பதறி எடுத்தா, பசார்ல மீன் வெல ஏறிப்போச்சுங்கிறாரு."